மாட் இரவு ஆட எங்கே போகலாம்? பிரைட்டன், 100 கிளப், பக்கத்து ஊர் கிளப்

கோடை முடிவதற்குள் ஒரு இரவாவது நன்றாக ஆடிவிட வேண்டும் என்று நானும் கணவரும் உட்கார்ந்து யோசித்தபோது மூன்று வழிகள் இருந்தன. ஆகஸ்ட் பேங்க் ஹாலிடே என்ற பொது விடுமுறைக்கு பிரைட்டன் கடற்கரையில் கூடும் மாட் கூட்டம் ஒன்று. லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெருவின் 100 கிளப்பில் விடிய விடிய நடக்கும் சோல் இரவு இன்னொன்று. மூன்றாவது, வட இங்கிலாந்தின் லங்காஷயரில் எங்கள் வீட்டிலிருந்து காரில் போய்வரும் தூரத்தில் இருக்கும் தொழிலாளர் கிளப் ஒன்றில் நடக்கும் மாட், சோல் இரவு. நாங்கள் மூன்றாவதற்குப் போனோம். மறுபடி கேட்டாலும் அதையேதான் சொல்வேன். காரணத்தை ஒரே சொல்லில் சொல்லிவிடலாம்: தரை.

மாட் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: 1950களின் இறுதியில் லண்டன் சோஹோவில் நவீன ஜாஸ் கேட்டுக்கொண்டு, இத்தாலிய வெட்டில் சூட் தைத்துப் போட்டுக்கொண்ட இளைஞர்களிடம் தொடங்கிய இசை, உடை பாணி அது. பிறகு அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களின் ஆர் அண்ட் பி, சோல், ஜமைக்காவின் ஸ்கா எல்லாம் சேர்ந்துகொண்டன. வெஸ்பா, லாம்ப்ரெட்டா ஸ்கூட்டர்கள்தான் வாகனம், சூட்டின் மேல் பார்க்கா என்ற தலைமூடி வைத்த கோட்டு. வார்டர் தெருவின் ஃப்ளமிங்கோ, மான்செஸ்டரின் ட்விஸ்டட் வீல் போன்ற இடங்களில் இரவு முழுக்க ஆட்டம். அந்த ஆட்டம் வடக்கே வேர்விட்டு நார்தர்ன் சோல் ஆனது. 1973 முதல் 1981 வரை விகன் கசினோ என்ற ஆட்ட மண்டபத்தில் அது உச்சத்தில் இருந்தது. இன்றைக்கு மாட் இரவு என்று சீட்டு வாங்கிப் போனால் இவை எல்லாமே கலந்துதான் கிடைக்கும்.

பிரைட்டனில் பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. 1964இல் மாட்களும், மோட்டார் பைக்கில் சுற்றிய ராக்கர்களும் மோதிக்கொண்ட கடற்கரை அது. விடுமுறை நாளில் கண்ணாடிகளும் விளக்குகளும் அடுக்கிய ஸ்கூட்டர்கள் வரிசையாக நிற்கும். நேரடி இசைக்குழுக்கள் உண்டு, பழைய துணிகளும் இசைத்தட்டுகளும் விற்கும் கடைகள் உண்டு. இளம் வயதினரும் நிறைய வருகிறார்கள், அது மனதுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் விடுமுறைக் காலத்தில் அறை வாடகை எகிறிவிடும். ஸ்கூட்டரில் கூட்டமாக வருகிறவர்கள் பாதிச் சந்தோஷம் வழியிலேயே கிடைத்துவிடுகிறது என்கிறார்கள். நாங்கள் ரயிலில் போகிறவர்கள், அதனால் அந்தக் கணக்கை நான் இதில் சேர்க்கவில்லை.

இசைக்காக மட்டும் போவதென்றால் 100 கிளப்தான், வேறு பேச்சே இல்லை. 1942 முதல் இசை நடக்கும் நிலவறை அது. சோல் ரசிகர்களான ஏடி குரோஸ்டெலும் ராண்டி கோசன்ஸும் 1979இல் தொடங்கிய 6டிஸ் சோல் இரவுகள், அடுத்த ஆண்டு அங்கே வந்து நிலைத்துவிட்டன. அங்கே சுழலும் ஏழு அங்குல இசைத்தட்டுகளில் பல, வெளிவந்த காலத்தில் யாரும் சீண்டாதவை. அமெரிக்க நிறுவனங்களின் கிடங்கில் வெளியிடப்படாமலே கிடந்த ஒலிநாடாக்களிலிருந்து மீட்ட பாடல்களும் வரும். கேள்விப்படாத பாட்டு ஒன்று ஒலிக்கும், அடுத்த நிமிடம் பக்கத்தில் நிற்பவர் அது எந்த ஊரில் எந்த ஸ்டுடியோவில் பதிவானது என்று சொல்வார். லண்டனில் தங்குமிடம் திரும்புவதும் இப்போது சிரமமில்லை. 2016 முதல் வெள்ளி, சனி இரவுகளில் சென்ட்ரல் லைன் ரயில் இரவு முழுக்க ஓடுகிறது, டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு நிலையம் நடை தூரம்தான். குறை ஒன்றுதான், கூட்டம். நிலவறைக்குள் சில நூறு பேர் நிற்கும்போது, கையை விரித்துச் சுற்ற இடமே இராது. பின்னிரவில் கூட்டம் கலைந்த பிறகுதான் காலை நீட்டி ஆட முடியும். அதுவரை தூங்காமல் இருக்க வேண்டும். எனக்கு இப்போது அது முடிவதில்லை.

சரி, தரைக்கு வருவோம். சோல் ஆட்டத்தில் கால் தரையை விட்டு அதிகம் எழும்பாது. உடல் எடை முன்பாதத்தில் நிற்கும், பாதம் பக்கவாட்டில் வழுக்கிப் போய் வரும், திடீரென்று ஒரு சுழல், அடுத்த தாளத்துக்குள் பழைய இடத்துக்கு வந்துவிட வேண்டும். இதற்குப் பாதம் நழுவியே ஆக வேண்டும். பிசுபிசுத்த தரையில் உடம்பு சுழலும், பாதம் நின்றுவிடும். இடையில் மாட்டிக்கொள்வது முழங்கால். மறுநாள் படியிறங்கும்போது தெரிந்துவிடும்.

நல்ல ஆட்டத் தரை என்றால் மரத்தரை. பலகைக்குக் கீழே குறுக்குச் சட்டங்களும் கொஞ்சம் வெற்றிடமும் விட்டுப் போட்டிருப்பார்கள். மிதித்தால் கண்ணுக்குத் தெரியாத அளவு அமிழ்ந்து எழும்பும். நான்கு மணி நேரம் ஆடினாலும் கெண்டைக்கால் தாங்குவது அதனால்தான். இதன் உச்சம் பிளாக்பூல் டவர் பால்ரூம். மஹோகனி, ஓக், வால்நட் மரத் துண்டுகள் 30,602 சேர்த்து இழைத்த தரை அது. எல்லா ஊரிலும் அப்படிக் கிடைக்காது. ஆனால் வடக்கே தொழிலாளர் கிளப்புகளைக் கட்டியபோதே சனிக்கிழமை ஆட்டம் இருக்கும் என்று எண்ணிக் கட்டியிருக்கிறார்கள். மேடைக்கு முன்னால் ஒரு சதுர மரத்தரை, சுற்றிலும் மேசை, அதற்கப்பால் கம்பளம். இந்த அமைப்பு இன்றும் பல ஊர்களில் அப்படியே இருக்கிறது. கடற்கரைக் கொண்டாட்டங்களில் நாங்கள் ஆடியவை பெரும்பாலும் மதுக்கடைகளின் பின்னறைகளும் நிலவறைகளும்தான். சிமெண்ட் மேல் ஒட்டிய வினைல், ஓடு, சில இடங்களில் கம்பளமே. குடிக்க வருகிறவர்களுக்காகப் போட்ட தரைகள் அவை.

அப்புறம் பவுடர். கேரம் போர்டில் தூவுவது போலத்தான், தரையின் ஓரத்தில் கொஞ்சம் டால்கம் பவுடரைத் தூவி, அதில் செருப்பின் அடியைத் தேய்த்துவிட்டு ஆடப் போவார்கள். அளவு முக்கியம். அதிகமானால் பனிக்கட்டிதான். அதன் மேல் பீர் சிந்தினால் பசையாகிவிடும். தரைக்குள் கையில் கிளாஸோடு வரக்கூடாது என்று பெரியவர்கள் கண்டிப்பது சும்மா இல்லை. சில மண்டபங்களில் பவுடருக்கே தடை உண்டு, மறுநாள் அங்கே வேறு ஆட்கள் வழுக்கி விழக்கூடாதே. அதனால் சீட்டு வாங்கும் முன் போன் போட்டு இரண்டே கேள்வி கேட்கிறேன்: தரை மரமா? பவுடர் போட விடுவீர்களா? ஏற்பாடு செய்பவர் தாமே ஆடுகிறவர் என்றால் கேள்வி முடியும் முன்பே பதில் வந்துவிடும்.

காலணியும் இதே கணக்குதான். மாட் என்றதும் எல்லோருக்கும் நினைவு வரும் கிளார்க்ஸ் டெஸர்ட் பூட்டின் அடி க்ரேப் ரப்பர். நடக்க அருமை, ஆட உதவாது, மரத்தரையிலும் ஒட்டிக்கொள்ளும். தோல் அடி வைத்த லோஃபரோ ப்ரோகோதான் வேண்டும். அந்தத் தோல் நனைந்தால் ஊறிப்போய் நழுவாது, தரையைப் பிடிக்கும். லங்காஷயரில் மழை இல்லாத சனிக்கிழமை குறைவு. வேறு செருப்பில் போய், உள்ளே மேசையடியில் உட்கார்ந்து மாற்றிக்கொள்கிறேன். கம்பித் தூரிகையால் அடித்தோலை லேசாகச் சுரண்டிவிட்டால் ஒரு இரவு முழுக்க ஒரே சீராக நழுவும்.

அன்று கிளப்பில் முதல் பாட்டுக்கே தரையில் எழுபது வயதிருக்கும் ஒரு அம்மா. அகலப் பாவாடை, தட்டையான தோல் செருப்பு. தலை ஆடவே இல்லை, கால் மட்டும் தரையை எழுதிக்கொண்டு போனது. சுற்றி எல்லோருக்கும் ஒரு கை தூர இடம் இருந்தது. ஆடாமல் உட்கார்ந்திருந்தவர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் இல்லை, மூச்சு வாங்க உட்கார்ந்தவர்கள். இடைவேளையில் உள்ளே பூரணம் வைத்துச் சுட்ட பை, பட்டாணி, ஒரு குலுக்கல் சீட்டு. நள்ளிரவோடு விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

இங்கேயும் குறை உண்டு. டிஜேக்கள் உள்ளூர்ச் சேகரிப்பாளர்கள். தெரிந்த பாட்டு திரும்பத் திரும்ப வரும். ஸ்காவும் ஹம்மண்ட் ஆர்கன் இசையும் கொஞ்சம்தான், பெரும்பகுதி நார்தர்ன் சோல். ஒலிபெருக்கிகள் பிங்கோ எண்களை வாசிப்பதற்காக வாங்கியவை, அடித்தாளம் மெலிந்துதான் கேட்கிறது. நேரடி இசைக்குழுதான் வேண்டும் என்றால் இந்தப் பக்கம் வராதீர்கள். ஆடாத துணையோடு முதல் முறையாகப் போகிறீர்கள் என்றால் பிரைட்டனே நல்லது. ஆடாமலும் அங்கே இரண்டு நாள் ஓடிவிடும்.

100 கிளப்பை நான் முழுக்க விட்டுவிடவில்லை. ஆண்டு நிறைவு இரவுக்கு வருகிறவர்களுக்காக அங்கே தனியாக ஒரு ஏழு அங்குல இசைத்தட்டு அச்சிட்டுக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. அதற்கு மட்டும் லண்டன் போவதாக இருக்கிறோம், மதியம் நன்றாகத் தூங்கிவிட்டு.