தைராய்டுக்குச் செலினியம்: ஓராண்டுக்கு மேல் போட்ட அனுபவம்

ஹாஷிமோட்டோ (நம் உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கும் நோய்) இருக்கும் தோழி ஒருத்தி, "செலினியம் என்கிற தாதுச்சத்து மாத்திரையைப் போடலாமா?" என்று கேட்டாள். தினமும் 200 மைக்ரோகிராம் போட்டவள் நான். போனில் சொல்லி முடியாது, அதனால் எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தைராய்டைத் தாக்கும் டிபிஓ ஆன்டிபாடி எனக்கு நன்றாகவே இறங்கியது. ஆய்வுகளிலும் பலருக்கு இறங்கியிருக்கிறது. வயிற்றையும் படுத்தவில்லை. ஆனால் தைராய்டுக்கு ரத்தத்தில் பார்க்கும் டிஎஸ்எச் அசையவில்லை, நான் போடும் தைராக்சின் என்ற தைராய்டு மாத்திரையின் டோஸ் குறையவில்லை, சாயங்கால அசதியும் போகவில்லை.

படுத்தியது வாய்தான். பல் தேய்த்துவிட்டு காபியை வாயில் வைத்தால், பழைய பத்து பைசாவை நாக்கில் வைத்த மாதிரி ஒரு சுவை. ரசத்திலும் அதே. "அம்மா, பூண்டு சாப்பிட்டியா?" என்றான் மகன். அன்று வீட்டில் பூண்டே உரிக்கவில்லை. செலினியம் மிகுந்தால் மூச்சில் அந்த வாடை வரும். அப்புறம் நகம் உடையும், முடி கொட்டும்.

என் ஆத்திரமெல்லாம் இந்த முடி விஷயத்தில்தான். தைராய்டு குறைந்தாலும் முடி கொட்டும், செலினியம் கூடினாலும் கொட்டும். எதனால் என்று யாரும் பார்க்கவில்லை. தோல் மருத்துவர் முடிக்கென்று இன்னொரு மாத்திரை எழுதினார். அட்டையைத் திருப்பி, பொடி எழுத்தை போன் வெளிச்சத்தில் படித்தால், அதிலும் 65 மைக்ரோகிராம் செலினியம்! மொத்தம் 265. பெரியவர்களுக்கு நாளுக்குத் தேவையே 55தான். அமெரிக்க உச்ச வரம்பு 400 என்றாலும், ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் வைத்தது 255. அதுவும் சாப்பாட்டில் வருவதையும் சேர்த்து. எழுதிக்கொடுத்தவரும் கேட்கவில்லை, விற்றவரும் கேட்கவில்லை. அமெரிக்காவில் 2008-இல் ஒரு சத்து டானிக்கில் லேபிளில் இருந்ததைவிட 200 மடங்கு செலினியம் கலந்துபோய், 201 பேர் முடி கொட்டி, வயிற்றுப்போக்கு, மூட்டுவலி என்று அவதிப்பட்டார்கள். அதற்குப் பிறகும் இவ்வளவு அலட்சியமா?

தைராய்டு மருத்துவர் இரண்டையும் நிறுத்தச் சொன்னார். சில வாரங்களில் காபி காபியாக இருந்தது.

மாத்திரை மோசம் என்று சொல்ல மாட்டேன். தைராய்டு அதிகமாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோயில் லேசான கண் பாதிப்புக்கு ஆறு மாதம் கொடுத்துப் பலன் கண்டிருக்கிறார்கள். ஆனால் பாதி விலைக்குத் தந்தாலும் நான் இனி வாங்கப்போவதில்லை.

நீ போடுவதானால், வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் மருத்துவரிடம் எடுத்துப் போ. நீண்ட நாள் போட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் கூடியதாக ஓர் ஆய்வு உண்டு; உங்கள் வீட்டில் சர்க்கரை இருப்பதையும் மறக்காமல் சொல். தினம் பிரேசில் நட் கொறிக்கிறாயே, அதில் ஒன்றிலேயே 68 முதல் 91 மைக்ரோகிராம் வரை இருக்கும். அதையும் கணக்கில் சேர். தைராக்சினை மட்டும் எக்காரணம் கொண்டும் நீயாக நிறுத்திவிடாதே.