தலைவர்களின் போர் முடிவுகளை ஒப்பிட ஒரு நல்ல கருவி: அமெரிக்க வெளியுறவு ஆவணத் தளம்

ஒரு தலைவர் ஏன் போருக்குப் போனார், அதே நிலைமையில் இன்னொருவர் ஏன் ஒதுங்கினார் என்று ஒப்பிட விரும்புகிறவர்களில் பலர் சுயசரிதைகளில் தொடங்குகிறார்கள். அங்கே தொடங்கக் கூடாது. பதவி போன பிறகு எழுதும் நினைவுகளில், நடந்து முடிந்ததற்கு ஏற்பக் காரணங்கள் அடுக்கப்பட்டிருக்கும். முடிவெடுத்த நாளில் யார் என்ன சொன்னார்கள் என்ற குறிப்புதான் நமக்குத் தேவை. அதை இலவசமாக, தேடிப் பார்க்கும் வசதியோடு தரும் தளங்களில் அமெரிக்க வெளியுறவுத் துறையின் வரலாற்று அலுவலகத் தளத்துக்கே முதலிடம் தருவேன். முகவரி: ஹிஸ்டரி டாட் ஸ்டேட் டாட் ஜிஓவி.

இதன் மையம் ‘ஃபாரின் ரிலேஷன்ஸ் ஆஃப் தி யுனைட்டட் ஸ்டேட்ஸ்’ என்ற ஆவண வரிசை. ஆய்வாளர்கள் சுருக்கமாக ‘ஃப்ரஸ்’ என்பார்கள். லிங்கன் காலத்தில், 1861இல் தொடங்கி 450க்கும் மேற்பட்ட தொகுதிகள் வந்துவிட்டன. கணக்குத் தொடங்க வேண்டாம், கட்டணம் இல்லை. பெரும்பாலான தொகுதிகளை மின்னூலாக இறக்கிக்கொள்ளலாம்.

முகப்பில் உள்ள தேடல் பெட்டியில் ‘வியட்நாம்’ என்று போட்டால் ஆயிரக்கணக்கில் வந்து குவியும், ஒன்றுக்கும் உதவாது. வரலாற்று ஆவணங்கள் பகுதிக்குப் போய், முதலில் ஆட்சியையும் பிறகு தொகுதியையும் தேர்ந்தெடுங்கள். அதன்பின் தேதி வரிசையில் படியுங்கள். தேடியே ஆக வேண்டுமென்றால் அந்தக் காலத்து எழுத்துக்கூட்டலில் தேடுங்கள். பெய்ஜிங் என்று தேடினால் பழைய ஆவணங்கள் சிக்காது, பீக்கிங் என்று கொடுக்க வேண்டும். வங்கதேசத் தலைநகர் டாக்காவின் ஆங்கிலப் பெயரில் இன்றைய ‘கே’, ‘ஹெச்’ எழுத்துகள் இருக்காது, இரண்டு ‘சி’ இருக்கும். இது தெரியாமல், ஆவணமே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறவர்கள் உண்டு.

ஒப்பிடுவதற்குச் சரியான ஜோடி அமைவதுதான் முக்கியம். ஒரே நாடு, ஒரே மாதிரி நெருக்கடி, இரண்டு தலைவர்கள் என்று எடுத்துக்கொண்டால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். இந்தோசீனா அப்படிப்பட்ட ஜோடி. 1952–54 வரிசையின் 13ஆம் தொகுதியில், வியட்நாமின் தியென் பியென் பூவில் பிரெஞ்சுப் படை முற்றுகையில் சிக்கிக் கிடந்த வாரங்களின் தேசியப் பாதுகாப்பு மன்றக் கூட்டக் குறிப்புகள் இருக்கின்றன. 1954 ஏப்ரல் 6 கூட்டத்தில் அதிபர் ஐசனோவர், அமெரிக்கா தனியாகத் தலையிடும் பேச்சுக்கே இடமில்லை என்று அழுத்திச் சொல்கிறார். நேச நாடுகளும் நாடாளுமன்றமும் கூட வராமல் அவர் அடியெடுத்து வைக்கத் தயாராக இல்லை. மே 7 அன்று அந்தக் கோட்டை விழுந்தது.

அடுத்து அதிபர் ஜான்சனுக்கு வாருங்கள். 1964 மே 27 அன்று ஆலோசகர் மெக்ஜார்ஜ் பண்டியுடன் தொலைபேசியில் பேசும்போது, இந்தப் போர் சண்டை போடத் தகுந்தது என்று தனக்குத் தோன்றவில்லை, வெளியேற முடியும் என்றும் தோன்றவில்லை என்கிறார். அடுத்த ஆண்டு ஜூலை 28 அன்று, படையை 75,000இலிருந்து 1,25,000 ஆக உயர்த்துவதாக அறிவித்தார். இடைப்பட்ட பதினான்கு மாதத்தை 1964–68 வரிசையின் முதல் மூன்று வியட்நாம் தொகுதிகளில் தொடர்ந்து படிக்கலாம். ஐசனோவருக்கு வாராந்தரக் கூட்டமும் எழுதிவைத்த நிகழ்ச்சிநிரலும் இருந்தன, மறுப்புகள் மேஜையிலேயே பதிவாயின. ஜான்சனின் ஐயம் தொலைபேசியில் தனித்தனி ஆட்களிடம் வெளிப்பட்டது. முறையான கூட்டங்களில் அந்த அளவுக்கு வெளிப்படவில்லை. அவர்களின் குணத்தைப் பற்றி எழுதும் முன் இந்த அமைப்பு வேறுபாட்டைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இந்தத் தளத்தின் உண்மையான மதிப்பு ஒவ்வொரு ஆவணத்தின் முதல் அடிக்குறிப்பில் இருக்கிறது. பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மூல ஆவணம் எந்தக் காப்பகத்தில், எந்தப் பெட்டியில் இருக்கிறது, எந்த ரகசிய நிலையில் இருந்தது, வரைந்தவர் யார், ஒப்புதல் தந்தவர் யார் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். அதிபர் அதைப் பார்த்தார் என்பதற்கான முத்திரை இருந்தால் அதையும் குறிப்பிடுவார்கள். அந்தக் குறிப்பு இல்லாத ஆவணத்தை வைத்து ‘அதிபருக்கு இது தெரியும்’ என்று எழுதக் கூடாது. இன்னொரு பொறி: வாஷிங்டனிலிருந்து போகும் தந்திகளின் கீழே வெளியுறவு அமைச்சரின் பெயர் வழக்கமாகவே இருக்கும். ‘ரஸ்க்’ என்று முடிவதால் டீன் ரஸ்க்கே எழுதினார் என்று பொருளல்ல. துறையின் இடைநிலை அதிகாரி ஒருவர் வரைந்து அனுப்பியதாக இருக்கலாம்.

அடைப்புக்குறிகளையும் கவனியுங்கள். ‘3 வரிகள் ரகசிய நீக்கம் செய்யப்படவில்லை’ என்றிருந்தால் அது அரசின் தணிக்கை. ‘இங்கே விடப்பட்டது’ என்றிருந்தால், பொருளுக்குத் தொடர்பில்லை என்று தொகுப்பாசிரியர் எடுத்தது. ‘பதிப்பாசிரியர் குறிப்பு’ என்ற தலைப்பில் வருவது பல ஆவணங்களைச் சுருக்கிச் சொல்வது, அதை மூலமாக மேற்கோள் காட்டக் கூடாது.

இந்தத் தளத்தை முதன்முதலாகத் திறக்கிறவருக்கு 1969–76 வரிசையின் 11ஆம் தொகுதியைச் சொல்வேன். 1971 தெற்காசிய நெருக்கடி பற்றியது, 2005இல் வெளிவந்தது. ஏப்ரல் 6 அன்று டாக்கா துணைத் தூதரகத்திலிருந்து ஆர்ச்சர் பிளட் அனுப்பிய மறுப்புத் தந்தி அதில் இருக்கிறது. கிழக்கு பாகிஸ்தான் படுகொலைகளைக் கண்டிக்கத் தவறியதை அமெரிக்க அதிகாரிகளே எதிர்த்த ஆவணம் அது. மூன்று வாரம் கழித்து, ஏப்ரல் 28 தேதியிட்ட, பாதுகாப்பு ஆலோசகர் கிசிஞ்சரின் குறிப்பு மூன்று வழிகளை அதிபர் நிக்சன் முன் வைக்கிறது. மூன்றாவதை ஏற்று, இப்போதைக்குப் பாகிஸ்தான் அதிபர் யாஹ்யா கானை நெருக்க வேண்டாம் என்று நிக்சன் தன் கையால் எழுதுகிறார். களத்திலிருந்து கிளம்பிய எச்சரிக்கை எவ்வளவு தூரம் வந்தது, எங்கே நின்றது என்பதை இந்த இரண்டு ஆவணங்களுக்கு நடுவில் உள்ள பக்கங்களில் தேதிவாரியாகப் பின்தொடரலாம். மனத்தைக் கனக்கச் செய்யும் வாசிப்பு. ஜூலையில் கிசிஞ்சர் பாகிஸ்தான் வழியாகச் சீனாவுக்கு ரகசியமாகப் போனதையும், ஆகஸ்ட் 9 இந்திய–சோவியத் ஒப்பந்தத்தையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் காரணங்கள் தெளிவாகும். கூடவே ‘இ-7’ என்ற மின் தொகுதியையும் பாருங்கள். நவம்பரில் இந்திரா காந்தி வெள்ளை மாளிகைக்கு வந்தபோது நிக்சனும் கிசிஞ்சரும் தங்களுக்குள் பேசிக்கொண்டதன் எழுத்துவடிவம் அதில் உள்ளது.

அதிபர்களின் பேச்சு பதிவான ஒலிநாடாக்களைக் கேட்க வேண்டுமானால் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் மில்லர் மையத் தளம் நல்லது. ஆனால் பதிவான விதத்தைத் தெரிந்துகொண்டு கேட்க வேண்டும். கென்னடி தானே பொத்தானை அழுத்திப் பதிவு செய்தவர், எதைப் பதிவு செய்வது என்பது அவர் தேர்வு. நிக்சனின் ஓவல் அலுவலகத்தில் 1971 பிப்ரவரியிலிருந்து குரல் எழும்பினாலே கருவி ஓடத் தொடங்கிவிடும். மொத்தம் சுமார் 3,700 மணி நேரம். இரண்டையும் ஒரே எடையில் வைத்து, ‘கென்னடி நிதானமானவர், நிக்சன் வாய்க்கு வந்ததைப் பேசுபவர்’ என்று தீர்ப்புச் சொல்வது சரியாகாது. அடுத்த கட்டடத்தில் இருந்த நிக்சனின் தனி அலுவலகப் பதிவுகள் கேட்கவே கடினம். எழுத்துவடிவத்தை மட்டும் நம்பாமல் முக்கியமான வரியை ஒலியோடு ஒத்துப் பாருங்கள்.

இனி குறைகள். மிகப் பெரியது, எது வெளிவர வேண்டும் என்பதில் அரசுக்கும் கை இருப்பது. ஈரான் பற்றி 1989இல் வந்த தொகுதியில், 1953இல் ஈரான் பிரதமர் மொசாதெக்கைக் கவிழ்த்ததில் சிஐஏவின் பங்கு அறவே இல்லை. அதை எதிர்த்து இந்த வரிசையின் ஆலோசனைக் குழுத் தலைவர் பதவி விலகினார். 1991இல் சட்டம் வந்து, ஆவணங்கள் 30 ஆண்டுக்குள் முழுமையாகவும் நம்பகமாகவும் வெளியாக வேண்டும் என்றது. அப்படியிருந்தும் திருத்திய ஈரான் தொகுதி வந்தது 2017இல்தான். பிரிட்டனின் கவிழ்ப்பு யோசனைக்கு ட்ரூமன் ஆட்சி இசையாததையும் ஐசனோவர் ஆட்சி இசைந்ததையும் ஒப்பிட விரும்புகிறவர் பழைய தொகுதியை எடுத்தால் மோசம் போவார். எந்தத் தொகுதியானாலும் வெளியான ஆண்டைப் பாருங்கள். ரீகன் காலத் தொகுதிகள் இன்னும் முழுமையாக வரவில்லை.

அடுத்த குறை, இது ஒரு பக்கத்தின் கண். கியூபா ஏவுகணை நெருக்கடியின்போது, 1962 அக்டோபர் 27 இரவு, அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடியும் சோவியத் தூதர் டோப்ரினினும் தனியாகச் சந்தித்தார்கள். துருக்கியில் இருந்த அமெரிக்க ஏவுகணைகள் விஷயத்தில் கொடுக்கல் வாங்கல் இல்லை என்று மறுத்துவிட்டதாக ராபர்ட் கென்னடியின் குறிப்பு சொல்கிறது. அதுமட்டுமே தடை என்றால் அதிபருக்கு அதில் பெரிய சிக்கல் இல்லை, அவற்றை அகற்ற நான்கைந்து மாதம் ஆகும் என்று அவர் சொன்னதாக டோப்ரினினின் தந்தி சொல்கிறது. அந்தத் தந்தி வில்சன் மையத்தின் டிஜிட்டல் காப்பகத்தில் ஆங்கிலத்தில் வெளியானது. சோவியத், சீன ஆவணங்களுக்கு அதையே நாட வேண்டும். ஆனால் அங்கும் ஒரே ஆவணத்தோடு திருப்தியடைய முடியாது: கொரியப் போரில் படை அனுப்புவது குறித்து 1950 அக்டோபர் தொடக்கத்தில் மாவோ ஸ்டாலினுக்கு எழுதியதாகச் சீனா வெளியிட்ட வாசகம் அனுப்புவோம் என்கிறது, ரஷ்யக் காப்பகத்தில் கிடைத்தது இப்போதைக்கு இல்லை என்கிறது.

இந்தியத் தலைவர்களைப் பொறுத்தவரை ஃப்ரஸ் காட்டுவது அமெரிக்க அதிகாரி எழுதிக்கொண்ட உரையாடலை மட்டும்தான். இந்திரா காந்தியின் யோசனை எப்படி ஓடியது என்பதற்கு அவருடைய செயலர் பி. என். ஹக்ஸரின் தாள்கள் வேண்டும். அவை தில்லி தீன்மூர்த்தி வளாக நூலகத்தில் இருக்கின்றன. தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘அபிலேக் பட்டல்’ இணையவாசல் கோப்புகளைத் தேட உதவும். 1962 இந்திய–சீனப் போர் பற்றிய ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை அரசு இன்றுவரை அதிகாரபூர்வமாக வெளியிடவில்லை. ஆகவே 1962இன் நேருவையும் 1971இன் இந்திராவையும் சமமான ஆதாரத்தோடு ஒப்பிட இந்தத் தளம் போதாது. ஐசனோவர், கென்னடி, ஜான்சன், நிக்சன் நால்வரையும் ஒப்பிடத் தாராளமாகப் போதும்.