பச்சை டப்பாவில் உப்பா, மசாலாவா? டோனி சாஷரீஸ் கிரியோல் மசாலாவும் ஒரு சைவ கேஜன் பாஸ்தாவும்

ஹூஸ்டனில் எங்கள் சமையலறை அலமாரியில் சாம்பார்ப் பொடிக்கும் ரசப் பொடிக்கும் பக்கத்தில் நான்கு ஆண்டுகளாக ஒரு பச்சை டப்பா நிற்கிறது. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் தயாராகும் டோனி சாஷரீஸ் கிரியோல் மசாலா அது. எட்டு அவுன்ஸ், அதாவது 227 கிராம் எடையுள்ள இந்த டப்பாவை எங்கள் வீட்டில் பெரும்பாலும் ஒரே ஒரு உணவுக்காகத்தான் எடுக்கிறோம்: அலுவலகம் முடிந்து வீடு திரும்பும் நாள்களில் அரை மணி நேரத்துக்குள் செய்துவிடக்கூடிய, காரமும் க்ரீமும் கலந்த, கேஜன் என்னும் லூசியானா நாட்டுப்புறப் பாணியிலான சைவ பாஸ்தா. அந்த ஒரு வேலையை இது எவ்வளவு நன்றாகச் செய்கிறது என்பதையும், அதைக் கையாளும்போது நம் வீட்டுச் சமையல் பழக்கம் எங்கே இடறுகிறது என்பதையும் எழுத வேண்டும் என்று வெகு நாள்களாக நினைத்திருந்தேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை மசாலாப் பொடி என்று நினைத்து வாங்குபவர்கள் ஏமாறுவார்கள். காரமும் மணமும் ஏற்றிய உப்பு என்று நினைத்து வாங்குபவர்களுக்கு இதைவிட நல்ல துணை வார நாள்களில் கிடைப்பது அரிது.

டப்பாவின் பின்புறத்தைப் படித்தாலே இது விளங்கிவிடும். அங்கே முதலில் எழுதியிருப்பது உப்பு. அமெரிக்காவில் உட்பொருள்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்தது வரை வரிசைப்படுத்தியே அச்சிட வேண்டும் என்பதால், டப்பாவில் மற்ற எதையும்விட உப்பே அதிகம் என்பது அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் சிவப்பு மிளகாய், கருமிளகு, சில்லி பவுடர், பூண்டு ஆகியவை வருகின்றன. சில்லி பவுடர் என்பதை நம் ஊர் மிளகாய்த் தூள் என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்கக் கடைகளில் அந்தப் பெயரில் விற்பது மிளகாயுடன் சீரகம், ஓரிகானோ, பூண்டு போன்றவற்றைச் சேர்த்து அரைத்த கலவை. டப்பாவைத் திறந்தவுடன் நமக்குப் பழக்கமான சீரக வாசனை மெல்ல எழுவதற்கு அதுவே காரணம்.

கால் தேக்கரண்டியில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சோடியம் இருப்பதாக டப்பாவில் அச்சிட்டிருக்கிறார்கள். அப்படியானால் ஒரு தேக்கரண்டியில் 1,400 மில்லிகிராம். வெறும் சமையல் உப்பில் ஒரு தேக்கரண்டிக்குச் சுமார் 2,300 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது; அமெரிக்க உணவு லேபிள்களில் ஒரு நாளைய வரம்பாகக் குறிப்பிடப்படுவதும் அதே 2,300 மில்லிகிராம்தான். எனவே இந்த மசாலாவை ஒரு கரண்டி போடும்போது அரைக் கரண்டிக்கும் சற்று அதிகமாக உப்புப் போடுகிறோம் என்று மனத்தில் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

நான் அந்தக் கணக்கைப் போடாமல்தான் தொடங்கினேன். பொரியலுக்கும் குழம்புக்கும் பொடி தனி, உப்பு தனி என்று பழகிய கை, முதல் முறை இந்த மசாலாவை ஒரு மேசைக்கரண்டி அள்ளிப் போட்டது. பாஸ்தா வெந்த நீரில் உப்பு, காளானில் உப்பு, கடைசியில் சீஸ் என்று ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தது. அப்போது எங்களுடன் தங்கியிருந்த அம்மா ஒரு வாய் உண்டுவிட்டு, "உப்பு ரெண்டு தடவை போட்டுட்டியாம்மா?" என்று மென்மையாகக் கேட்டார். இரண்டு தடவை அல்ல, நான்கு தடவை போட்டிருந்தேன். லேபிளைப் படிக்காத தவறு முழுவதும் என்னுடையது. ஆயினும் இந்தத் தவறு நம்மவர் வீடுகளில் எளிதாக நடக்கக்கூடியது என்பதால் இதைச் சொல்லாமல் இந்த மதிப்புரையை எழுதுவது முறையாகாது.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்குகிறது. இந்த டப்பாவில் காரமும் உப்பும் ஒரே முடிச்சாகக் கட்டப்பட்டிருக்கின்றன. காரம் போதவில்லை என்று மீண்டும் தூவினால் உப்பும் கூடவே ஏறும். ஆகவே உணவின் உப்புக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே இந்த மசாலாவைப் போட்டு, அதற்கு மேல் வேண்டிய காரத்தைத் தனியாகக் கயேன் மிளகாய்த் தூளாலோ கொரகொரப்பாக இடித்த மிளகாலோ கூட்டிக்கொள்வதே சரியான வழி. நால்வருக்கான பாஸ்தாவுக்கு நான் இப்போது ஒன்றரைத் தேக்கரண்டிக்கு மேல் போடுவதில்லை. அது ஆளுக்கு 525 மில்லிகிராம் சோடியம். சீஸிலும் பாஸ்தா நீரிலும் வருவது அதற்கு மேல்.

டப்பாவில் கிரியோல் என்று எழுதியிருக்கும்போது நான் கேஜன் என்று சொல்லிக்கொண்டிருப்பதை விளக்க வேண்டும். கிரியோல் சமையல் என்பது நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் பிரெஞ்சு, ஸ்பானிய, ஆப்பிரிக்கக் கைப்பழக்கங்கள் கலந்து உருவானது. கேஜன் என்பது நாட்டுப்புறச் சமையல். இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியாப் பகுதியில் குடியேறியிருந்த அகேடியர் என்னும் பிரெஞ்சு மொழி பேசிய மக்களை ஆங்கிலேயர்கள் 1755 முதல் வெளியேற்றினார்கள். அவர்களுள் பலர் தெற்கு லூசியானாவின் சதுப்பு நிலங்களிலும் புல்வெளிகளிலும் வந்து குடியமர்ந்தார்கள். அகேடியன் என்ற சொல்லே தேய்ந்து கேஜன் ஆயிற்று. டோனி சாஷரி (1905–1995) பிறந்த ஓப்பலூசஸ் அந்தக் கேஜன் நாட்டுக்குள் இருக்கும் ஊர். அவர் தம் நிறுவனத்தை 1972-இல் தொடங்கியதும் அங்கேதான். எங்கள் ஹூஸ்டனிலிருந்து பத்தாம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே லஃபாயெட் வரை சென்று, அங்கிருந்து வடக்கே சற்றுத் தொலைவு போனால் அந்த ஊர் வந்துவிடும். லேபிளில் உள்ள சொல் நகரத்துடையது, மசாலா பிறந்த இடம் நாட்டுப்புறத்துடையது. இரண்டும் இன்று ஒன்றோடொன்று கலந்துவிட்டதால் எந்தப் பெயரில் அழைத்தாலும் அங்குள்ளவர்களுக்குப் புரிகிறது.

கேஜன் வீடுகளின் அன்றாட உணவு நம்மைப் போலவே சோறுதான் என்பதை அறிந்தபோது எனக்குப் பெரும் மகிழ்ச்சி ஏற்பட்டது. கம்போ என்ற குழம்பும் சோற்றோடு, சிவப்பு பீன்ஸும் சோற்றோடு, ஜம்பலாயாவோ சோறேதான். க்ரீமில் புரளும் பாஸ்தா பிற்காலத்தில் உணவகங்களின் வழியே பரவியது. அதே ஓப்பலூசஸ் பக்கத்தில் பிறந்த பால் ப்ரூதோம் என்ற சமையற்கலைஞர் 1979-இல் நியூ ஆர்லியன்ஸில் கே-பால்ஸ் உணவகத்தைத் தொடங்கிய பிறகு, 1980-களில் கேஜன் சுவைக்கு அமெரிக்கா முழுவதும் ஒரு பெரும் மோகம் எழுந்தது. இன்று சங்கிலி உணவகங்களின் பட்டியலில் காணப்படும் கேஜன் பாஸ்தா அந்த மோகத்துக்குப் பிறகு ஊர் ஊராகப் பரவிய உணவு. அதில் வழக்கமாக இருப்பவை கோழி, இறால், அன்டூயி என்ற புகையூட்டிய பன்றித் தொத்திறைச்சி ஆகியவை. இவற்றை நீக்கிவிட்டு எஞ்சியதை உண்டால் ஏதோ ஒன்று குறைகிறது என்று நாக்கு சொல்லும். குறைவது இறைச்சி என்பதைவிட அதிலிருந்த புகை மணமே என்பது பல முறை செய்து பார்த்த பிறகு எனக்குத் தெளிவாயிற்று. இந்தப் பச்சை டப்பாவிலிருந்து அந்தப் புகை மணம் கிடைப்பதில்லை. ஆகவே அதோடு ஒரு தேக்கரண்டி புகையூட்டிய பாப்ரிகா என்ற காரம் குறைந்த சிவப்பு மிளகாய்த் தூளும், டப்பாவின் கலவையில் எனக்குத் தென்படாத தைம் இலையை உலர்ந்த வடிவில் அரைத் தேக்கரண்டியும் நான் சேர்க்கிறேன்.

செய்முறையில் முதன்மையானது காளான். கால் கிலோ காளானைத் தடிமனாக நறுக்கி, நன்றாகச் சூடேறிய வார்ப்பிரும்பு வாணலியில் சிறிது எண்ணெய் விட்டு, ஒன்றன்மேல் ஒன்று குவியாதபடி பரப்பி வைக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் மசாலாவைத் தூவவே கூடாது; அதிலுள்ள உப்பு காளானின் நீரை உடனே வெளியே இழுத்துவிடும், காளான் வறுபடாமல் தன் நீரிலேயே வெந்து தொய்ந்துவிடும். தொடாமல் விட்டால் முதலில் நீர் விட்டுச் சலசலக்கும், பிறகு அந்த ஓசை அடங்கிச் சடசடவென்று வறுபடும் ஓசை கேட்கும். அடிப்பக்கம் தோசை முறுகலின் நிறத்துக்கு வந்த பிறகு புரட்டி, மறுபுறமும் சிவந்ததும் எடுத்துத் தனியே வைத்து, அதன்மேல் கால் தேக்கரண்டி மசாலாவைத் தூவினால் போதும்.

அதே வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெய் விட்டு, பொடியாக நறுக்கிய வெங்காயம், செலரித் தண்டு, குடைமிளகாய் மூன்றையும் வதக்க வேண்டும். லூசியானாவில் இந்த மூன்றையும் சேர்த்துப் பரிசுத்த திரித்துவம் என்றே அழைக்கிறார்கள். நமக்கு வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு எப்படியோ அப்படியே அவர்களுக்கு இது. செலரியை விட்டுவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அதை விட்டால் கேஜன் என்ற பெயரையும் விட்டுவிட வேண்டும் என்பதே என் கருத்து. மூன்றும் வாடியதும் நசுக்கிய பூண்டு, ஒரு தேக்கரண்டி பச்சை டப்பா மசாலா, பாப்ரிகா, தைம் ஆகியவற்றைச் சேர்த்து, தீயைக் குறைத்து ஒரு நிமிடம் வெண்ணெயிலேயே வறுக்க வேண்டும். க்ரீமை ஊற்றிய பிறகு மசாலாவைப் போட்டால் அது பச்சையாகவே மிதக்கும். மிளகாயின் காரமும் நிறமும் கொழுப்பில் கரைபவை என்பதால், வெண்ணெயில் விழுந்த அந்த ஒரு நிமிடத்தில் வாணலி முழுவதும் செம்மண் நிறம் பரவுவதைக் கண்ணாலேயே காணலாம். தாளிதம் என்பதன் அருமை தெரிந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அதன்பின் ஒரு கோப்பை, அதாவது 240 மில்லி ஹெவி க்ரீம் ஊற்றி மெல்லக் கொதிக்கவிட வேண்டும். ஹெவி க்ரீமில் குறைந்தது 36 விழுக்காடு கொழுப்பு இருப்பதால் அது திரிவதில்லை. கொழுப்புக் குறைந்த பாலையோ தயிரையோ கொண்டு இதைச் செய்து பார்த்தவர்கள், அது திரிந்து மணல்போல ஆவதைக் கண்டிருப்பார்கள். பென்னே பாஸ்தா 340 கிராமை, பாக்கெட்டில் சொல்லியிருப்பதைவிட ஒரு நிமிடம் முன்னதாகவே எடுத்து இதில் சேர்த்து, அது வெந்த நீரில் அரைக் கோப்பையை ஊற்றிக் கிளறினால், அந்த நீரில் இறங்கியிருக்கும் மாவுச்சத்து க்ரீமையும் பாஸ்தாவையும் ஒன்றாகப் பிணைக்கிறது. வழக்கமாகப் பாஸ்தா நீரில் போடும் உப்பில் பாதி போட்டாலே போதும். இறுதியாகக் காளானையும் ஒரு கைப்பிடி சீஸையும் சேர்த்து, மீதியிருக்கும் கால் தேக்கரண்டி மசாலாவை வேண்டுமா வேண்டாமா என்று சுவைத்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். டப்பாவின் மூடியில் தூவுவதற்கென்றே துளைகள் இருக்கின்றன. ஆயினும் ஆவி பறக்கும் வாணலிக்கு நேர் மேலே எந்த மசாலா டப்பாவையும் குலுக்காதீர்கள். ஈரம் ஏறிக் கட்டி தட்டும், அளவும் தெரியாது. கரண்டியில் எடுத்துப் போடுவதே நல்லது.

சைவ உணவுக்காரர்கள் இந்த மசாலாவைவிட மற்றப் பொருள்களில்தான் கவனமாக இருக்க வேண்டும். இத்தாலியின் அசல் பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட் கொண்டே உறைய வைக்கிறார்கள். ஆகவே அது சைவமாகாது. நுண்ணுயிர் ரென்னட்டால் செய்தது என்று லேபிளில் குறிப்பிட்டிருக்கும் பார்மசான் வகைச் சீஸைத் தேடி வாங்க வேண்டும். பல கேஜன் செய்முறைகளில் வரும் வூஸ்டர்ஷர் சாஸில் நெத்திலி வகை மீன் சேர்ந்திருப்பது வழக்கம். உலர்ந்த பென்னேயில் பெரும்பாலும் ரவை போன்ற கோதுமையும் நீரும் மட்டுமே இருக்கும், ஆனால் குளிர்பதன அடுக்கில் இருக்கும் புதிய பாஸ்தாக்களில் முட்டை கலந்திருப்பதுண்டு. உணவகத்தில் "இறைச்சி இல்லாமல் தாருங்கள்" என்று கேட்டு வாங்கும் கேஜன் பாஸ்தாவில் இவை எதுவும் நமக்குத் தெரியாது என்பதே, நான் இதை வீட்டில் செய்யத் தொடங்கியதற்கு முதற்காரணம்.

வீட்டிலேயே கலந்துகொண்டால் இந்த டப்பா தேவையா என்ற கேள்வி நியாயமானது. புகையூட்டிய பாப்ரிகா இரண்டு மேசைக்கரண்டி, பூண்டுத் தூளும் வெங்காயத் தூளும் ஒவ்வொரு மேசைக்கரண்டி, மிளகுத் தூள், கயேன், தைம், ஓரிகானோ ஆகியவை இரண்டிரண்டு தேக்கரண்டி என்று உப்பே இல்லாமல் கலந்து வைத்துக்கொண்டால், மணத்தில் அது இந்த டப்பாவை மிஞ்சுகிறது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். விருந்தினர் வரும் நாள்களில் நான் அதையே பயன்படுத்துகிறேன். ஆனால் புதன்கிழமை இரவு ஏழு மணிக்குப் பிள்ளைகள் பசியோடு மேசையில் அமர்ந்திருக்கும்போது ஏழு புட்டிகளைத் திறந்து அளக்கும் பொறுமை எனக்கு இல்லை. அங்கேதான் இந்த டப்பா தன் விலைக்கு உரிய வேலையைச் செய்கிறது. காரம் தாங்காத சிறுவர்கள் உள்ள வீட்டில், மசாலாவைப் பாதியாகக் குறைத்துச் சமைத்துவிட்டு, பெரியவர்களின் தட்டில் மட்டும் கயேன் தூவிக்கொள்ளலாம்.

இரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைத்து உண்பவர்கள் இந்தப் பச்சை டப்பாவை வாங்க வேண்டாம். இதே நிறுவனம் உப்பில்லாத வகை ஒன்றையும் விற்கிறது. அதையோ வீட்டுக் கலவையையோ கொண்டு செய்வதே அவர்களுக்கு ஏற்றது. மற்றவர்களுக்கு ஒரு டப்பா பல மாதங்கள் வரும். பாஸ்தாவுக்கு அப்பாலும் வறுத்த உருளைக்கிழங்கு, வேகவைத்த சோளக் கதிர், வெண்ணெய் தடவிய ரொட்டி ஆகியவற்றுக்கு உப்புக்குப் பதிலாக ஒரு சிட்டிகை போட்டால் நன்றாகவே இருக்கிறது. சாம்பார் சாதத்தில் போட்டுப் பார்க்க மட்டும் எனக்கு மனம் வரவில்லை.

மீந்த பாஸ்தாவை மறுநாள் மதியத்துக்கு எடுத்துச் செல்பவர்கள், மைக்ரோவேவில் வைப்பதற்கு முன் இரண்டு மேசைக்கரண்டி பால் விட்டுக் கிளறிக்கொள்ள வேண்டும். இரவில் இறுகிய க்ரீம் மீண்டும் இளகிவிடும். அதன்மேல் மறுபடியும் மசாலா தூவ வேண்டாம். முதல் நாளைவிட உப்பு அப்போது சற்றுத் தூக்கலாகவே தெரியும்.