வியர்ட் அல் கச்சேரி வாசலில் அரை மணி நேரம்: டிக்கெட் வாங்குபவர்கள் படிக்கவும்

நியூயார்க், நியூஜெர்சி பக்கம் கச்சேரி டிக்கெட் வாங்குபவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். 2025 ஜூலை 12, நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் வியர்ட் அல் யாங்கோவிக் கச்சேரி. பிரபலமான பாட்டின் மெட்டை வைத்துக்கொண்டு வரிகளை நையாண்டியாக மாற்றிப் பாடுகிறவர், 1984இல் மைக்கேல் ஜாக்சன் பாட்டையே சாப்பாட்டுப் பாட்டாக்கியவர். எனக்கும் என் பன்னிரண்டு வயது மகளுக்கும் அவர் என்றால் உயிர். சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளில் ஆளுக்கொரு கூம்புத் தொப்பி செய்து (அலுமினியத் தாளைப் பற்றியே அவருக்கு ஒரு பாட்டு உண்டு), ரயிலிலேயே மாட்டிக்கொண்டு போனோம்.

ஆனால் தப்பு ஜூன் மாதமே நடந்துவிட்டது. கூகுளில் தேடி, மேலே முதலில் வந்ததை அழுத்தினேன். அது விளம்பரம் என்று பொடி எழுத்தில் இருந்ததை யார் பார்த்தது? முகவரியில் அரங்கின் பெயர், உள்ளே அரங்கின் படம், அசல் தளம் போலவே இருந்தது. ஒரு டிக்கெட் 94 டாலர் என்று காட்டி, பக்கத்தில் கடிகாரம் ஒன்று பின்னோக்கி ஓட, பணம் கட்டும் பக்கத்துக்குப் போனால் இரண்டுக்கும் சேர்த்து 311 என்றது. அங்கேயே விழித்திருக்க வேண்டும். 2025 மே 12 முதல் அமெரிக்காவில் கட்டணமெல்லாம் சேர்த்த மொத்த விலையைத்தான் முதலிலேயே காட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. "அப்பா, டைம் போகுது" என்று மகள் பின்னாலிருந்து குதிக்க, கட்டிவிட்டேன்.

டிக்கெட் வந்தது முந்தின நாள் ராத்திரி, மின்னஞ்சலில், வெறும் படமாக. இப்போது பெரிய அரங்குகளின் டிக்கெட் போனில் செயலிக்குள்தான் வரும், பார்கோடு சில விநாடிக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும், அதனால் ஸ்கிரீன்ஷாட் செல்லாது என்பதெல்லாம் எனக்கு வாசலில்தான் தெரிந்தது. கருவியில் காட்டினேன், சிவப்பு. வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டினேன், மறுபடியும் சிவப்பு. பின்னால் வரிசை முணுமுணுக்க, மகள் தொப்பியைக் கழற்றி உள்ளங்கையில் உருண்டையாகக் கசக்கிக்கொண்டாள்.

டிக்கெட் கவுண்டரில் இருந்த அம்மா பொறுமையாகப் பார்த்துச் சொன்னார், அந்த இருக்கைக்காரர் ஏற்கெனவே உள்ளே போய்விட்டாராம். கையில் இல்லாத டிக்கெட்டை முதலில் விற்றுவிடுவது, அப்புறம் மலிவாகக் கிடைத்தால் வாங்கித் தருவது, கிடைக்காவிட்டால் எதையாவது அனுப்பிக் கைகழுவுவது, இப்படி ஒரு பிழைப்பே நடக்கிறது. அந்தத் தளத்தின் சாட்டில் கேட்டால் அடுத்த கச்சேரிக்குக் கூப்பன் தருகிறார்களாம்!

கடைசியில் முறையான செயலியில் தேடி, கூரையை ஒட்டி இரண்டு இருக்கை, தலா 120 டாலருக்கு வாங்கி உள்ளே ஓடினோம். முதலில் பாடும் சோகக் கோமாளி பட்லஸ் பிட்டி பார்ட்டியைப் பார்க்க முடியவில்லை, அதில் மகளுக்கு இன்னும் கோபம். மற்றபடி அல் ஏமாற்றவில்லை. 65 வயதில் பாட்டுக்குப் பாட்டு உடை மாற்றிக்கொண்டு வருகிறார், மாற்றப் போகும் நேரத்தில் திரையில் துணுக்குகள் ஓடுகின்றன, 1980இலிருந்து கூட இருக்கும் டிரம்மர் இன்னும் அடி பிசகாமல் வாசிக்கிறார். அசல் பாடகரிடம் கேட்டு, சம்மதம் வாங்கிய பிறகே நையாண்டி செய்வது அல் வழக்கம். அவர் கச்சேரியில் போய் எனக்கு இப்படி ஒரு போலி!

கிரெடிட் கார்டில் கட்டியிருந்ததால் தப்பித்தேன். ஸ்டேட்மெண்ட் வந்த 60 நாளுக்குள் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும், நான் அந்தப் படத்தையும் சாட்டில் பேசியதையும் சேர்த்து அனுப்பினேன். ஜெல் (Zelle) என்ற, வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் பணம் அனுப்பும் சேவையில் அனுப்பியிருந்தால் அந்தப் பணத்தை மறந்துவிட வேண்டியதுதான். அடுத்த முறை தேடுபொறிப் பக்கமே போக மாட்டேன், பாடகரின் சொந்தத் தளத்தில் இருக்கும் இணைப்பு வழியாகத்தான் வாங்குவேன். 311 ஐந்து வாரம் கழித்துத் திரும்பி வந்தது. தொப்பி உருண்டை இன்னும் மகள் மேசையில் கிடக்கிறது, தூக்கிப் போட விடமாட்டேன் என்கிறாள்.