கேஸ் நிரப்புவதா, கசிவைத் தேடுவதா?

சித்திரை வெயிலில் கார் ஏசி குளிரவில்லை என்று பாளையங்கோட்டையில் எந்தப் பட்டறைக்குப் போனாலும் இரண்டில் ஒரு பதில்தான் வரும். ‘கேஸ் குறைந்திருக்கிறது, நிரப்பிவிடலாம்’ என்பது ஒன்று. ‘வண்டியை விட்டுவிட்டுப் போங்கள், கசிவைப் பார்க்க வேண்டும்’ என்பது மற்றொன்று. முன்னது சீக்கிரம் முடியும், செலவும் குறைவு. நான் பின்னதன் கட்சி.

கேஸ் பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதில்லை. கம்ப்ரசர் அதை அழுத்துகிறது. ரேடியேட்டருக்கு முன்னிருக்கும் கண்டென்சரில் வெப்பத்தை விட்டுத் திரவமாகிறது. கூலிங் காயிலில் ஆவியாகி உள்காற்றின் சூட்டை உறிஞ்சிக்கொண்டு கம்ப்ரசருக்கே திரும்புகிறது. ரப்பர் குழாய் வழியே ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கசிவது இயல்பு. ஒரே கோடையில் தீர்ந்தால் ஓட்டை இருக்கிறது என்று பொருள். உவரி, திசையன்விளைப் பக்கம் ஓடும் வண்டி என்றால் முதலில் கண்டென்சரைத்தான் சந்தேகிப்பேன். உப்புக்காற்று அலுமினியத்தை அரித்துவிடும்.

கம்ப்ரசருக்கான எண்ணெயும் இந்தக் கேஸோடுதான் சுற்றுகிறது. கேஸ் குறையக் குறைய எண்ணெய் சரியாகத் திரும்பாது. கடைசியில் கம்ப்ரசரே இறுகிப்போகும். மலிவாகத் தெரிந்த வழியின் விலை அப்போதுதான் புரியும்.

வண்டி நிற்கும்போது அழுத்த மீட்டரை மாட்டி ‘பாதிதான் இருக்கிறது’ என்பவரை நம்ப வேண்டாம். 35 டிகிரியில், கார் ஏசியில் ஓடும் ஆர்134ஏ என்ற வகைக் கேஸ் கால் பங்கு இருந்தாலும் முழுதாக இருந்தாலும் முள் ஏறக்குறைய 114 பிஎஸ்ஐ-யையே காட்டும். அளவை எடை போட்டுத்தான் அறிய முடியும். சிறிய கார்களில் அது பெரும்பாலும் அரை கிலோவைத் தாண்டாது. பானெட்டுக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் கிராம் கணக்கில் அச்சிட்டிருப்பார்கள். கூடுதலாக ஏற்றினாலும் குளிர் குறையும்.

சில நேரம் இரண்டு பதிலுமே தவறு. வண்ணார்பேட்டை நெரிசலில் வெந்து, கயத்தாறு தாண்டி நான்குவழிச் சாலையில் வேகமெடுத்ததும் குளிர்கிறதா? கண்டென்சர் விசிறியையும் அதில் அடைந்த தூசியையும் பாருங்கள். ஹீட்டரை நம்மூரில் யாரும் சீண்டுவதில்லை. ஆனால் இன்ஜின் வெந்நீர் ஓடும் அந்தப் பெட்டியின் தடுப்பு மடல் பாதியில் சிக்கினால் குளிர்காற்றோடு அனலும் கலந்து வரும்.

பத்து வருட வண்டியில் மெல்லக் குறைந்திருந்தால் ஒருமுறை எடை போட்டு நிரப்பிக்கொள்ளலாம், தப்பில்லை. மற்றபடி நைட்ரஜன் ஏற்றிக் கசிவைப் பார்க்கச் சொல்லுங்கள். குழாயைத் திறந்தால், ஈரத்தை உறிஞ்சும் டிரையரை மாற்றி, வேக்குவம் போட்டு ஈரத்தை இழுத்த பிறகே கேஸ் ஏற்ற வேண்டும். இதையெல்லாம் கேட்டு முகம் சுளிக்கும் பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.