மூணு மாச ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ், 3,500 ரூபா: பொண்ண அனுப்பிப் பாத்த கதை

திண்டுக்கல்ல பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மொபைல் கடைக்கு மேல மாடியில இருக்கிற ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர்ல என் பெரிய பொண்ண சேத்துவிட்டிருந்தேன், 9வது படிக்கிறா, கோர்ஸ் போன வாரம் முடிஞ்சுது. சென்டர் பேரு போடல. பாதி கோர்ஸ பாராட்டணும் பாதிய திட்டணும், ரெண்டும் ஒரே பேருல வந்தா படிக்கிறவங்களுக்கும் குழப்பம், முதல் பாதி எடுத்த மிஸ்ஸுக்கும் நியாயம் இல்ல.

ஏன் சேத்தேன்னு முதல்ல சொல்லிடறேன். பொண்ணு 6வதுல இருந்து இங்கிலீஷ் மீடியம். பேருக்குத்தான் இங்கிலீஷ் மீடியம், புக்கு இங்கிலீஷ்ல இருக்கும், பரிட்சை இங்கிலீஷ்ல எழுதணும், ஆனா நடத்துறது முழுக்க தமிழ்லதான், நடத்தி முடிச்சிட்டு "இதான் ஃபைவ் மார்க், அண்டர்லைன் பண்ணிக்கோ"ம்பாங்க, பிள்ளைங்க அத அப்படியே மனப்பாடம் பண்ணிக்கும். ஃபோட்டோசிந்தசிஸ் பத்தி ஒரு பக்கம் தப்பில்லாம எழுதுவா, "ஏன் லேட்டு"ன்னு இங்கிலீஷ்ல கேட்டா வாயத் திறக்க மாட்டா. டீச்சர்ஸையும் குத்தம் சொல்ல முடியாது, இங்கிலீஷ்ல நடத்தினா பாதி கிளாஸுக்கு பாடமே புரியாது. அதோட பத்தாவதுல சயின்ஸுக்கு பிராக்டிகல் 25 மார்க் இருக்கு, இங்கிலீஷ் பேசுறதுக்கு பிராக்டிகல்னு ஒண்ணு கிடையாது, மார்க் இல்லாத விஷயத்துக்கு எந்த ஸ்கூல்ல நேரம் ஒதுக்குவாங்க.

நான் படிச்சது தமிழ் மீடியம். எங்க ஸ்கூல்ல 3வதுலதான் ஏபிசிடியே ஆரம்பிச்சாங்க, நாலு கோடு நோட்டுல. பத்தாவதுல இங்கிலீஷ் ஃபர்ஸ்ட் பேப்பர் செகண்ட் பேப்பர்னு ரெண்டு இருந்துச்சு (2019ல தான் அத ஒண்ணாக்குனாங்க), செகண்ட் பேப்பர்ல ஒரு ரோடு மேப் குடுத்து லைப்ரரிக்கு வழி சொல்லச் சொல்வாங்க, கோ ஸ்ட்ரெயிட், டர்ன் லெஃப்ட், முழு மார்க். ஆக்டிவ் வாய்ஸ் பேசிவ் வாய்ஸ்னா ராமா கில்டு ராவணா, ராவணா வாஸ் கில்டு பை ராமா. ராவணன் எங்க கிளாஸ்ல எத்தன தடவ செத்தாரோ. லீவ் லெட்டர் கேக்கவே வேணாம், "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்" மட்டும்தான் தெரியும், அக்கா கல்யாணத்துக்கு லீவு போட்டப்பகூட எனக்கு ஃபீவர்தான். அப்படிப் படிச்சு இப்ப ஒரு கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன், மெயில் வந்தா படிச்சிடுவேன், வெளியூர் பார்ட்டி போன் பண்ணி இங்கிலீஷ்ல ஆரம்பிச்சா "ஒன் மினிட் சார்"ன்னு பக்கத்து சீட்டுக்கு குடுத்துருவேன். இதே நிலமை பொண்ணுக்கும் வரக்கூடாதுன்னுதான் அந்த மாடிப்படி ஏறுனேன்.

வெளிய போர்டுல "60 நாளில் சரளமாக"ன்னு போட்டு கோட்டு போட்ட ஒரு வெள்ளைக்காரரு சிரிச்சுட்டு இருப்பாரு. உள்ள ஏசி இல்ல, ரெண்டு ஃபேன், இருபத்திரண்டு பிள்ளைங்க. 4,500ன்னு சொன்னாங்க, பேசி 3,500க்கு வந்தோம், அப்பறம் புக்குக்கு 300, சர்டிஃபிகேட்டுக்கு 200 தனியாம், இத முதல்லயே சொல்லல, அட்மிஷன் போட்டதுக்கப்பறம்தான் சொன்னாங்க. புக்குன்னா ஸ்பைரல் போட்ட ஜெராக்ஸ். அட்டையிலயே கிராமர்ங்கிற வார்த்தைக்கு கடைசில "ஏஆர்" வரணும், "ஈஆர்" போட்டிருந்துச்சு. எங்க வீட்டுக்காரரு பாத்துட்டு "3,500 போச்சு"ன்னாரு. நானும் அப்படித்தான் நெனச்சேன்.

ஆனா முதல் ஆறு வாரம் எடுத்த மிஸ் வேற லெவல்ங்க. 25, 26 வயசுதான் இருக்கும், அவங்களும் கிராமத்துல தமிழ் மீடியம் படிச்சவங்கதானாம், அத முதல் நாளே பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டாங்க. பெஞ்ச எல்லாம் ஓரமா தள்ளிட்டு வட்டமா உக்கார வச்சு, ஆளுக்கு ரெண்டு நிமிஷம், நேத்து சாயந்தரம் வீட்டுக்குப் போனதுல இருந்து தூங்குற வரைக்கும் என்ன நடந்துச்சுன்னு சொல்லணும், அவ்வளவுதான் கிளாஸ். யாரு தப்பு பண்ணாலும் நடுவுல நிறுத்த மாட்டாங்க. கைல துண்டுப் பேப்பர் வச்சு குறிச்சுக்குவாங்க, கடைசில ஒவ்வொருத்தருக்கும் ஒரே ஒரு தப்ப மட்டும் எழுதிக் குடுப்பாங்க, நாளைக்கு அத மட்டும் சரி பண்ணிட்டு வான்னு. பத்து தப்பு பண்ணா பத்தையும் சொல்ல மாட்டாங்களான்னு நான் போய்க் கேட்டேன் (கேக்காம இருப்போமா, காசு குடுத்திருக்கோம்ல). "அக்கா, பத்தையும் சொன்னா நாளைக்கு அவ பேசவே மாட்டா"ன்னாங்க.

அவங்க சொல்லிக் குடுத்த சில விஷயம் எனக்கே புதுசு. நம்ம ஏன் திக்குறோம்னா, தமிழ்ல வினை கடைசிலதான் வரும், "நான் கடைக்குப் போய் பால் வாங்கிட்டு வந்தேன்"னா வந்தேன்கிறதுலதான் முடியுது. இத மனசுக்குள்ள தமிழ்ல கட்டி முடிச்சு, வால்ல இருந்து தலைக்குத் திருப்பி, அப்பறம் வாயத் திறக்கிறதுக்குள்ள எதிர்ல இருக்கவன் வேற பேச்சுக்கு போயிடுவான். அதனால முதல்ல யாரு, என்ன பண்ணாங்க, இந்த ரெண்ட மட்டும் போட்டுடு, ஐ வென்ட், ஐ பாட், அதுக்கப்பறம் என்னத்த, எங்க, எப்பன்னு உனக்கு நீயே கேள்வி கேட்டு ஒவ்வொண்ணா பின்னாடி ஒட்டிக்கோன்னு சொல்லியிருக்காங்க. இத ரெண்டு வாரம் விளையாட்டு மாதிரி பண்ண வச்சாங்க. அதே மாதிரி "எனக்கு பசிக்குது", "எனக்கு ரெண்டு தம்பி", "எனக்கு பயமா இருக்கு", தமிழ்ல எல்லாத்துக்கும் எனக்கு எனக்குன்னு வரும், இங்கிலீஷ்ல அந்த இடத்துல எல்லாம் ஐ வந்து உக்காந்துக்கும், ஐ ஆம் ஹங்ரி, ஐ ஹேவ் டூ பிரதர்ஸ், ஐ ஆம் ஸ்கேர்டு. அத்தன வருஷம் இங்கிலீஷ் படிச்ச எனக்கு இத ஒருத்தரும் இப்படி சேத்துவச்சு சொன்னதில்ல.

உச்சரிப்புக்கும் நல்ல வழி வச்சிருந்தாங்க. இங்கிலீஷ்ல ஒரே எழுத்து ஒவ்வொரு இடத்துல ஒவ்வொரு மாதிரி கேக்குது, தமிழ்தான் எழுதுற மாதிரியே படிக்கலாம்னு ஒரு பையன் சொல்லியிருக்கான். உடனே போர்டுல கல், தங்கம், மகன்னு மூணு வார்த்தை எழுதி, மூணுலயும் க இருக்கு, மூணும் ஒரே மாதிரியா கேக்குதுன்னு கேட்டாங்களாம். என் பொண்ணு வீட்டுக்கு வந்து அத எங்கிட்ட கேட்டா, நானும் வாய்க்குள்ள மூணு தடவ சொல்லிப் பாத்தேன், ஆமா, கல்லுல வர்ற க வேற, தங்கத்துல வேற, மகன்ல வேற. யாரும் ரூல் சொல்லித் தராமலே நம்ம வாய்க்கு தெரிஞ்சிருக்கு. அப்ப இங்கிலீஷும் கேட்டு கேட்டுத்தான் வரும், ஸ்பெல்லிங்க பாத்து பயப்படாதேன்னு முடிச்சிருக்காங்க. அப்பறம் ஃப சொல்றதுக்கு மேல் பல்ல கீழ் உதட்டுல வைக்கணும்னு பழக்குனாங்க, இல்லன்னா காத்து வர்ற ஃபேன் தலைல இருக்கிற பேனா மாறிடும்னு ஒரே சிரிப்பாம். "இஸ்கூல்"னு சொல்றத விட்டு "ஸ்கூல்"னு சொல்ல சின்னவனுக்கே (4வது) ஒரு வாரம் ஆச்சு, அக்கா வந்து வீட்டுல அவனுக்கு கிளாஸ் எடுத்தா.

எத்தனையாவதுங்கிறத இங்கிலீஷ்ல எப்படி கேக்குறதுன்னு வழக்கம் போல ஒரு பிள்ள கேட்டிருக்கு, நம்ம ஊர்ல இந்தக் கேள்வி வராத இங்கிலீஷ் கிளாஸ் உண்டா. அதுக்கு ஒரே வார்த்தை கிடையாது, சுத்தித்தான் கேக்கணும், அதே மாதிரி நம்மங்கிறதுக்கும் நாங்கங்கிறதுக்கும் அங்க ஒரே வார்த்தை "வி"தான், அவங்க மொழியில இல்லாதத நெனச்சு அவங்க வருத்தப்படல, நீயும் வருத்தப்படாதன்னு சொன்னாங்களாம். எனக்கு இந்த மிஸ்ஸ ரொம்பப் பிடிச்சுப்போச்சு.

அஞ்சாவது வாரம் பெங்களூர்ல இருந்து என் நாத்தனார் குடும்பம் வந்திருந்தாங்க. அவங்க பிள்ளைங்க வீட்டுக்குள்ளயே இங்கிலீஷ்தான். எப்பவும் என் பொண்ணு காபி போடுறேன்னு அடுப்படிக்குள்ள போயிடுவா, அன்னைக்கு ஹால்லயே உக்காந்திருந்தா. "யெஸ்டர்டே ஐ கோ டு..."ன்னு ஆரம்பிச்சா, வென்ட்னு வரணும், எனக்கே தெரியுது, அந்தப் பிள்ளைங்களும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க, இவ கண்டுக்கவே இல்லங்க, கோட்டைக்குப் போனது, மலை ஏறுறப்ப செருப்பு அறுந்தது, வெறுங்காலோட இறங்குனது எல்லாத்தையும் சொல்லி முடிச்சா. நான் அடுப்படியில நின்னு கேட்டுட்டு இருந்தேன். 3,500 அன்னைக்கே வசூல் ஆயிடுச்சு.

ஏழாவது வாரம் மிஸ் இல்ல. கோயம்புத்தூர்ல ஒரு காலேஜ்ல வேலை கெடச்சு போயிட்டாங்களாம், அது சந்தோஷம்தான், நல்லா இருக்கட்டும். சென்டர்க்காரங்க எங்களுக்கு ஒரு மெசேஜ்கூட போடல, பிள்ளைங்க போய்ப் பாத்தா வேற சார் நிக்கிறாரு. அவரு வந்ததும் பெஞ்ச் எல்லாம் பழையபடி வரிசைக்கு வந்துச்சு. பன்னெண்டு டென்ஸ் சார்ட், நோட்டுல எழுதிக்கோ, ஐ ஹேட் பீன் ஈட்டிங், யூ ஹேட் பீன் ஈட்டிங். இத ஸ்கூல்லயே பண்றாங்களே சார்னு கேட்டா "பேஸ்மெண்ட் ஸ்ட்ராங்கா இருக்கணும் மேடம்"ங்கிறாரு. யாராவது பேசுனா ஒவ்வொரு வார்த்தைக்கும் நிறுத்துவாரு. ஒரு பொண்ணு "டிட் யூ வென்ட்"னு சொன்னதுக்கு அத அஞ்சு தடவ எல்லார் முன்னாடியும் திருப்பிச் சொல்ல வச்சிருக்காரு, அந்தப் பிள்ள மறுநாள்ல இருந்து வரல. இருபத்திரண்டு பேரு கடைசில பதினொண்ணு. அவருக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு நான் சொல்ல மாட்டேன், நல்லாவே தெரியும், எங்கிட்ட கடகடன்னு பேசுனாரு. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா பேசுறது அவரு, பேச வேண்டியது இவங்க.

மீதி காசு வேணாம், அந்த வட்டமா உக்காந்து பேசுற ரெண்டு நிமிஷத்த மட்டும் திரும்பக் கொண்டு வாங்கன்னு ஓனர்கிட்ட கேட்டேன். சிலபஸ் படிதான் போகணும்னாரு. அப்ப அந்த மிஸ் என்ன சிலபஸ்ல எடுத்தாங்கன்னேன். அதுக்கு பதில் சொல்லாம, உங்க பொண்ணுக்கு ஃப்ரீயா ஐஈஎல்டிஎஸ் டெமோ கிளாஸ் தர்றோம்னாரு. அது வெளிநாட்டுக்கு படிக்கப் போறவங்களும் வேலைக்குப் போறவங்களும் எழுதுற பரிட்சை, இவ ஒம்போதாவது.

ஸ்டார் குடுக்கச் சொன்னா முதல் ஆறு வாரத்துக்கு 5க்கு 4 குடுப்பேன், அந்த ஒண்ண புக்குக்கும் மறைச்ச 500 ரூபாக்கும் கழிச்சுட்டேன், அடுத்த ஆறு வாரத்துக்கு 1, அதுவும் ஃபேன் ஓடுனதுக்கு. உங்க ஊர்ல இந்த மாதிரி சென்டர் பாத்தீங்கன்னா போர்டையும் கோட்டுக்காரரையும் பாக்காதீங்க, டெமோ கிளாஸ்ல வாசல்ல நின்னு ஒரு மணி நேரத்துல யாரு வாய் அதிகமா அசையுதுன்னு மட்டும் பாருங்க, அப்பறம் டெமோ எடுக்கிறவங்கதான் கடைசி வரைக்கும் எடுப்பாங்களான்னு கேட்டுட்டு காச குடுங்க, முடிஞ்சா மாசாமாசம் கட்டுங்க, நான் மொத்தமா கட்டிட்டு மாட்டிக்கிட்டேன்.

இப்ப சாயந்தரம் அவளும் பக்கத்து வீட்டு பிள்ளையும் மாடிப்படில உக்காந்து ரெண்டு நிமிஷம் மாத்தி மாத்தி பேசுறாங்க, துண்டுப் பேப்பர் என் கைல. எனக்கு தப்பே கண்டுபிடிக்கத் தெரியல, அது வேற விஷயம், ரெண்டு நாளா என்னையும் சேத்து உக்கார வச்சு "அம்மா உன் டர்ன்"ங்கிறா. சர்டிஃபிகேட்டும் வந்துச்சு, நல்ல கெட்டி அட்டை, தங்கக் கலர் பார்டர், அவ இனிஷியல் மட்டும் தப்பு. மாத்தணும்னா 50 ரூபான்னாங்க, விட்டுட்டேன்.