கிரே கோஸ்ட் ஃப்ளை: செபேகோ ஏரி சால்மனுக்கு சூப்பர், ஆனா வாங்கறதுக்கு முன்னாடி இறகைப் பாருங்க

ஹலசூர்ல எங்க மீன்பிடிக்கிற கேங்ல நாலு பேராவது கேட்டுட்டாங்க, அந்த கிரே கோஸ்ட் ஃப்ளை (இறகும் நூலும் வச்சு தூண்டில் முள்ளுல கட்டுற போலி இரை) எப்படி இருந்துச்சுன்னு, அதான் எல்லாருக்கும் சேர்த்து இங்கயே எழுதிடறேன். போன மே மாசம் அமெரிக்கால மெயின் மாநிலத்துல இருக்கற மச்சான் வீட்டுக்குப் போனப்ப அங்க ஒரு சின்ன தூண்டில் கடையில ஆறு கிரே கோஸ்ட் வாங்கினேன், ஒண்ணு 6 டாலர். கையால கட்டுன ஃப்ளைக்கு அந்த விலை கொடுக்கலாம்.

முதல்ல மீனைப் பத்தி சொல்லிடறேன், ஏன்னா நம்ம ரஸ்ஸல் மார்க்கெட்ல சால்மன்னு கேட்டா பாதி நேரம் காலா மீனைத்தான் காட்டுவாங்க, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. மெயின்ல செபேகோ ஏரியில இருக்கறது நிஜ அட்லாண்டிக் சால்மன்தான், அதே இனம், ஆனா கடலுக்கே போகாது. ஏரியிலயே வளரும், முட்டை போட ஆத்துக்குப் போகும், திரும்ப ஏரிக்கு வந்துடும். அங்க லேண்ட்லாக்டு சால்மன்னு சொல்றாங்க. கடல்ல வளர்றது அளவுக்குப் பெருசா வராது, சாதாரணமா ரெண்டு மூணு பவுண்டு, ஆனா அதே செபேகோ ஏரியில 1907ல இருபத்திரெண்டரை பவுண்டு மீன் ஒண்ணு மாட்டியிருக்கு.

இந்த மீனுக்கு ஸ்மெல்ட்னு ஒரு சின்ன வெள்ளி மீன்தான் உசுரு, நம்ம நெத்திலிக்கு அண்ணன்னு வச்சுக்கோங்க. பனி உருகினதும் ஸ்மெல்ட் முட்டை போட ஓடை வாய்ப்பக்கம் கூட்டமா வரும், சால்மன் பின்னாடியே வரும், தண்ணி சில்லுன்னு இருக்கறதால மேல்மட்டத்துலயே சுத்தும். வெயில் காலம் வந்துட்டா ஆழத்துக்குப் போயிடும், அப்போ இந்த ஃப்ளையை மேலாக்க இழுத்துப் பிரயோஜனம் இல்ல. அதனால ஏப்ரல் கடைசி, மே மாசம் போறவங்க மட்டும் இதை வாங்குங்க.

கிரே கோஸ்ட் அந்த ஸ்மெல்ட் மாதிரி இருக்கறதுக்குன்னே கட்டுனது. நீளமான தூண்டில் முள், ஆரஞ்சு நூல் உடம்பு, மேல வெள்ளி ஜரிகை சுத்து, சாம்பல் இறகுல முதுகு. கையில பாத்தா சும்மா இறகுக் கொத்து மாதிரிதான் தெரியும், தண்ணியில போட்டு இழுத்தா அப்படியே மீன் நீந்துது, நான் படகு ஓரமா குனிஞ்சு அஞ்சு நிமிஷம் அதையே பாத்துட்டு இருந்தேன். இதைக் கண்டுபிடிச்சது கேரி ஸ்டீவன்ஸ்னு ஒரு அம்மா, தொப்பி தைக்கிறவங்க. 1924 ஜூலை 1ஆம் தேதி மெயின்ல அப்பர் டேம்ங்கற இடத்துல தான் கட்டுன ஃப்ளையில ஆறு பவுண்டு பதிமூணு அவுன்ஸ் ட்ரௌட் மீன் பிடிச்சாங்க, அதுக்கப்புறம் அவங்க ஃப்ளைக்கு ஆர்டர் குவிஞ்சுடுச்சு. முள்ளை இடுக்கியில மாட்டாம வெறும் விரல்ல பிடிச்சே கட்டுவாங்களாம். எனக்கு அவங்க மேல பெரிய மரியாதை.

சாங்கோ ஆறு வந்து ஏரியில சேர்ற இடத்துல காலைல அஞ்சரைக்கு ஆரம்பிச்சோம். படகை நடக்கற வேகத்தை விட கொஞ்சம் கூட விட்டு, பின்னாடி நூறு அடி நூல் விட்டு, ராடை அப்பப்ப முன்னாடி ஒரு இழு இழுத்து விடணும், அந்த இழுப்புக்கு அப்புறம் ஃப்ளை தளரும்போதுதான் அடிக்குது. எனக்கு ஏழு மணிக்கு ஒண்ணு, பதினேழு இஞ்ச், மூணு தடவை முழுசா தண்ணிக்கு மேல எகிறுச்சு, கை நடுங்கிடுச்சு. அளந்துட்டு விட்டுட்டோம். மச்சானுக்கு ரெண்டு. லைசென்ஸ் மறக்காதீங்க, வெளியூர்க்காரங்களுக்கு ஒரு நாளைக்குக் கூட ஆன்லைன்ல கிடைக்குது.

குறைன்னா, ஆறுல ரெண்டுக்கு தலைப்பக்கம் நூல் மொத நாளே பிரிஞ்சுடுச்சு. வார்னிஷ் சரியா போடல. வாங்கும்போது நகத்தால லேசா சுரண்டிப் பாருங்க.

இப்ப முக்கியமான விஷயம். இந்த ஃப்ளையோட கன்னத்துல கண்ணு மாதிரி ஒரு பொட்டு இருக்கும், மெழுகு தடவுன மாதிரி பளபளன்னு. பழைய முறைப்படி அது ஜங்கிள் காக் இறகு, அதாவது நம்ம ஊரு சாம்பல் காட்டுக்கோழிச் சேவலோட கழுத்து இறகு. எங்க அம்மாயி வீடு தாளவாடி, விடியக்காலைல மலைப்பக்கம் அது கூவுறதைக் கேட்டு வளர்ந்தவன் நான், நாட்டுச்சேவல் மாதிரி நீட்டாது, உடைஞ்சு உடைஞ்சு வரும். ஒரு காலத்துல இந்த ஃப்ளைங்களுக்காகவே இங்கருந்து தோலோட உரிச்சு ஏத்துமதி பண்ணியிருக்காங்க. இன்னைக்கு அது 1972 வனவிலங்குச் சட்டத்துல பாதுகாக்கப்பட்ட பறவை. வெளிநாட்டுல பண்ணையில வளர்த்து விக்கறாங்கதான், ஆனா கடையில கையில இருக்கற இறகு எங்கருந்து வந்துச்சுன்னு நமக்கு எப்படித் தெரியும்? நான் கேட்டு, பிளாஸ்டிக் பொட்டு வச்சதுதான் வாங்கினேன், சால்மன் அதையும் அதே வேகத்துல அடிச்சுது.

இங்க கனகபுரா ரோடு பக்கம் காசு கட்டிப் பிடிக்கற குளத்துல ஒரு ஞாயித்துக்கிழமை போட்டுப் பாத்தேன், கட்லாவும் ரோகுவும் திரும்பிக்கூடப் பாக்கல, அதுங்க சின்ன மீனைத் துரத்தற ஜாதி இல்ல. பெங்களூர்ல உபயோகிக்கணும்னு வாங்காதீங்க. நல்லது நாலு மிச்சம் இருக்கு, இந்த மே மாசம் அந்தப் பக்கம் ஆன்சைட் போறவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, ரெண்டு குடுத்து விடறேன்.